டிரைவர் எப்படி இருக்கிறார்?

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் உன் மனைவியும் குட்டியும் சுகம்தானே? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சொன்னாயே, புதுசு எட்டிப் பார்த்துவிட்டதா?

போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் கடிதப் பைத்தியம் என்று நினைப்பாய். மையத்தில் இந்த வருஷத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் காலை எழுத்து நேரம் வைத்திருக்கிறேன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தவர்கள் இடது கையால் எழுதிப் பழகவும், பேச்சு போனவர்கள் வாசித்துப் பழகவும். முதல் வாரம் அ, ஆ எழுதச் சொன்னேன். தையல்காரர் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டார். அறுபது வயதுக்காரரை அ, ஆ எழுதச் சொன்னால் எறியத்தானே செய்வார்? அதனால் சட்டத்தை மாற்றினேன். ஆளுக்கு ஒரு நிஜமான மனிதருக்கு நிஜமான கடிதம் எழுத வேண்டும். வருகிற பதிலை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டும். அதில் கேள்வி இருந்தால் ஒன்றுவிடாமல் பதில் எழுத வேண்டும். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். என் நிஜமான மனிதன் நீ. அகப்பட்டுக்கொண்டாய்.

ஒரு சந்தோஷச் செய்தி. ஒரு கம்பெனி அறக்கட்டளை எங்களுக்குப் புது வேன் கொடுத்துவிட்டது. சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம். சாவி கொடுக்கும்போது மேஸ்திரியைச் சக்கர நாற்காலியோடு பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவர் வந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் தினமும் 'தண்ணீர்', 'வீடு' என்று முயன்று பார்க்கிறாள். இருபது பேரை வைத்து வேலை வாங்கின ஆள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்காமல் ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாராம், அவர் மனைவி சொன்னார்.

உன்னிடம் ஒரு காரியம். நீ அறக்கட்டளை ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பம் படிக்கிறவன். இந்த மானியங்களில் எத்தனை வகை, எதை எதற்குக் கேட்கலாம் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பத்து வருஷமாகக் குருட்டாம்போக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொட்டை எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. பன்னிரண்டு பேர் வாசிக்கப் போகிறார்கள். குடும்ப ரகசியம் எதையும் எழுதித் தொலைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். முன்பல் வந்துவிட்டது, இப்போது பக்கத்துப் பல் ஆடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? வகுப்பில் எல்லாருக்கும் என் வணக்கம். இதை வாசிக்கிறவர் யாரோ, அவருக்குத் தனி வணக்கம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பொதுவாகத்தான் சொல்ல முடியும். அக்கா என்பதற்காக எங்கள் ஆபீஸ் விஷயத்தை உன் காதில் ஓத முடியாது. ஓதினால் வேலை போகும்.

உனக்கு வேன் வந்ததே, அதற்குப் பெயர் மூலதன மானியம். கட்டடம், வண்டி, இயந்திரம் இவற்றுக்குக் கொடுப்பது. கொடுப்பவர்களுக்கு இதில் ஆசை அதிகம். கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் பெயர் எழுதலாம். படம் எடுக்கலாம். ஆனால் வண்டி கொடுப்பவர் டீசல் கொடுக்க மாட்டார். தொட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் அக்கா. பாலுக்கு நீதான் அலைய வேண்டும்.

இன்னொன்று திட்ட மானியம். ஒரு வேலையைச் சொல்லி, இவ்வளவு காலம் என்று சொல்லி வாங்குவது. பெரும்பாலான பணம் இப்படித்தான் வரும். சொன்ன வேலைக்கு மட்டும் செலவு செய்யலாம். புத்தகத்துக்கு வாங்கிய காசில் பேனா வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். காலம் முடிந்தால் பணமும் முடிந்தது. அந்த வேலை இன்னும் தேவையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இதற்கு மேல் எழுதினால் வகுப்பில் தூங்கிவிடுவார்கள்.

டிரைவர் எப்படி இருக்கிறார்? போன தடவை நான் வந்தபோது வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினாரே. சுருதி சேராவிட்டாலும் மனுஷர் நிறுத்தவே இல்லை. புது வண்டி அவருக்குப் பிடித்திருக்கிறதா? நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் மனைவிக்கு முதுகுவலி என்று கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? நர்ஸ் வேலையில் இருந்து ரிடையர் ஆனவள் சொல்கிறேன், அவளை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொல்.

உன் கடிதத்தைத் தையல்காரர் வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தொட்டில் வந்த இடத்தில் சிரித்துச் சிரித்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. மேஸ்திரிகூடக் கடைசி வரை நாற்காலியை வெளியே உருட்டிக்கொண்டு போகவில்லை.

நீ சொன்னது சரிதான். எங்கள் பயண உதவித் திட்டம் மூன்று வருஷம் ஓடி டிசம்பரோடு முடிந்தது. இப்போது வேறு ஒரு திட்டம் கிடைத்திருக்கிறது, பேச்சுப் பயிற்சிக்கு டேப்லெட். பத்து வந்து இறங்கியிருக்கிறது. நல்ல பொருள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் போன மாதக் கரண்ட் பில்லே இன்னும் கட்டவில்லை. டேப்லெட்டுக்குச் சார்ஜ் போட மானியம் கொடுப்பவர் யாராவது இருந்தால் சொல்.

இங்கே பாலத்துப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது கியரே விழவில்லை. கடைசி ஆளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிடுகிறது. எதிரே வருகிறவன் ஒருத்தன்கூட விளக்கைத் தணிப்பதில்லை. கண்ணே கூசிப் போகிறது.

மற்ற வகைகளையும் எழுது. குட்டிக்கு முத்தம்.

உன் அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே உன் வைத்தியம் நடக்கிறது. குட்டி மணிக்கு ஒருதரம் "அத்தை எழுந்திருக்கச் சொன்னாங்க"ன்னு அம்மாவை விரட்டுகிறாள். முதுகுவலி குறைந்திருக்கிறது. எங்கள் வீட்டு நிம்மதியும் குறைந்திருக்கிறது.

இந்த வாரப் பாடம். ஈட்டு மானியம் என்று ஒன்று. நீ ஒரு பங்கு திரட்டினால் அவர்கள் ஒரு பங்கு போடுவார்கள். ஊர் உன்னை ஆதரிக்கிறதா என்று பார்க்கும் வழி. நல்லதுதான். ஆனால் எதைப் பணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று முதலில் கேட்டுக்கொள். பிறகு கேட்டால் தலையில் கைவைத்து உட்கார வேண்டிவரும்.

செலவை ஈடுகட்டும் மானியம் இன்னொன்று. நீ முதலில் செலவு செய்துவிட்டு ரசீது கொடுக்க வேண்டும். பிறகு பணம் வரும். அந்தப் 'பிறகு' என்பது மூன்று மாதமும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். கையில் பணம் உள்ளவர்களுக்குத்தான் அது மானியம். உன்னைப் போன்றவர்கள் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பக்கமே போகாதே.

எப்போதிலிருந்து நீ கியரைப் பற்றியெல்லாம் பேச ஆரம்பித்தாய்? உனக்கு வண்டியில் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்றே தெரியாதே.

டிரைவர் எப்படி இருக்கிறார்? போன கடிதத்திலேயே கேட்டேன். உங்கள் வகுப்புச் சட்டப்படி உனக்கு ஒரு மார்க் போய்விட்டது.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு வியாழக்கிழமை எழுத்து நேரத்தில் என்னால் உட்கார முடியவில்லை. மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஈட்டு மானியம் ஒன்றுக்கு முயன்றேன். நீ கேட்கச் சொன்னதைக் கேட்காமல் தெருவில் இறங்கிவிட்டேன், அதுதான் என் புத்தி. கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கினேன். மருந்துக்கடைக்காரர் இரண்டு பெட்டி டயாப்பர் கொடுத்தார். அச்சகக்காரர் ரசீதுப் புத்தகம் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்றார். முடிதிருத்தும் கடைக்காரர் மாதம் ஒருநாள் வந்து எல்லாருக்கும் சவரம் செய்து விடுகிறேன் என்றார். உச்சி குளிர்ந்துபோய் அத்தனையையும் எழுதி அனுப்பினேன். 'புதிய நன்கொடையாளர் ரொக்கமாகத் தந்தது மட்டும் கணக்கில் வரும்' என்று பதில் வந்தது. ரொக்கமாகத் தந்தது மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒருத்திதான். அதற்குச் சமமாக அவர்களும் ஒரு தொகை அனுப்பினார்கள். இரண்டையும் சேர்த்துக் கரண்ட் பில் கட்டினேன். எங்கள் ஆட்கள் முகம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

நீ இதுவரை எழுதிய வகைகளைப் பார்த்தால் வண்டிக்கு உண்டு, டேப்லெட்டுக்கு உண்டு. வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒன்றும் காணோமே? டீச்சருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காதது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இப்படியே போனால் டிசம்பரில் கதவைச் சாத்த வேண்டியதுதான். அதற்குள் ஏதாவது வழி செய்ய வேண்டும்.

நான் வழக்கமாக அனுப்பும் விண்ணப்பத்தின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று பார்த்துச் சொல். பொதுவாகத்தான், ஓத வேண்டாம்.

உன் அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ 'மற்றபடி நலம்' என்று எழுதியிருக்கிறாய். எதைத் தவிர மற்றபடி?

நீ கேட்ட வகை இருக்கிறது. பொது இயக்க மானியம் என்று பெயர். வாடகை, சம்பளம், கரண்ட், கணக்கர் கட்டணம், எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். மானியத்திலேயே இதுதான் அபூர்வம். திட்டத்தை நம்பிக் கொடுப்பதில்லை, ஆளை நம்பிக் கொடுப்பது. எங்கள் அறக்கட்டளையிலும் ஒன்று உண்டு, யாரும் விண்ணப்பிக்கலாம், விளம்பரம் வெளியே வந்திருக்கிறது. நீ போட்டால் நான் உறவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவேன். ஒரு பக்கத்தைக்கூடத் தொட மாட்டேன்.

இனி உன் நகல். மூன்று தரம் படித்தேன். கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

'நிர்வாகச் செலவு: இல்லை. இயக்குநர் ஊதியம்: இல்லை. ஓட்டுநர்: தன்னார்வலர், செலவு இல்லை.'

அக்கா, இது சிக்கனம் இல்லை. பன்னிரண்டு பேரைக் காலையில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, பயிற்சி கொடுத்து, சாயங்காலம் வீட்டில் விடுகிற இடம் காற்றைக் குடித்து ஓடாது. நீ பத்து வருஷமாக 'இல்லை' என்று எழுதியதால் கொடுப்பவர்கள் இந்த வேலைக்கு இவ்வளவுதான் ஆகும் என்று நம்பிவிட்டார்கள். நீ குறைத்து எழுத எழுத அவர்களும் குறைத்துக் கொடுக்கிறார்கள். அடுத்த தெருவில் ஒருத்தர் இதே வேலையைச் செய்து உண்மைச் செலவை எழுதினால் அவரைக் கொள்ளைக்காரன் என்பார்கள். உன்னால் அவருக்கும் கெடுதல்.

முதலில் ஒரு வருஷத்துக்கு நிஜமாக என்ன ஆகிறது என்று எழுது. உன் சம்பளத்தையும் சேர்த்து எழுது.

கடைசியாக ஒன்று. யார் அந்தத் தன்னார்வலர்? டிரைவர் எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
தம்பி


மே 3

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமென்று நினைக்கிறேன்.

எனக்குப் பென்ஷன் வருகிறது. வயிற்றுக்குப் பஞ்சமில்லை. முப்பது வருஷம் வார்டில் நின்றவள் நான். பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் அங்கே மூலையில் உட்கார்ந்து ஊமையாகிப் போனதைப் பார்த்துத்தான் இதை ஆரம்பித்தேன். அவர்கள் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கி அதில் எனக்கும் ஒரு பங்கு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் ஆபீசில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம்.

உன் மனைவிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

அக்கா


மே 29

ஐயா,

வணக்கம். நான் தையல்காரர். நலம். நீங்கள் நலமா.

இடது கை எழுத்து. மன்னிக்கவும். இதை எழுத மூன்று வியாழன் ஆனது.

உங்கள் கடிதம் எல்லாம் நான்தான் வாசிப்பேன். டிரைவர் எப்படி இருக்கிறார். இதை மூன்று முறை வாசித்தேன். யார் அந்தத் தன்னார்வலர். அதையும் வாசித்தேன். அறையில் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா "அடுத்த வரி" என்றார். அதுதான் கடைசி வரி.

கேள்வி இருந்தால் பதில் எழுத வேண்டும். அக்கா சொன்ன சட்டம். அக்கா எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

டிரைவர் இல்லை. டிசம்பரில் போய்விட்டார். அவர் சம்பளம் அந்தத் திட்டத்தில் இருந்தது. திட்டம் முடிந்தது. இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். அக்கா லைசென்ஸ் எடுத்தார். அக்காதான் ஓட்டுகிறார். காலை, மாலை.

அக்காவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். செய்தால் ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது. அதனால் செய்யவில்லை.

போன செவ்வாய் மாலை. எதிரே விளக்கு. வேன் ஆஸ்பத்திரி கேட் தூணில் இடித்தது. உள்ளே நாங்கள் ஆறு பேர். யாருக்கும் அடி இல்லை. மேஸ்திரி நாற்காலி சாய்ந்தது. நான் பிடித்தேன். இடது கையால்.

அக்கா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தையல்காரர்


ஜூன் 4

அக்கா,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. பதில் தெரியும்.

தையல்காரர் எழுதிவிட்டார். அவரிடம் கோபப்படாதே. உன் சட்டத்தைத்தான் அவர் செய்து காட்டியிருக்கிறார். இந்தக் கடிதத்தை வகுப்பில் வாசி. முழுசாக வாசி.

எனக்கென்று ஒன்றும் எழுத மாட்டேன் என்று பெருமையாகச் சொன்னாய். சரி, அது உன் இஷ்டம். ஆனால் தானாக எழுந்து நிற்க முடியாத ஆறு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு, பாதிக் கண்ணோடு, இருட்டில் ஓட்டியிருக்கிறாய். 'ஓட்டுநர்: செலவு இல்லை' என்று எழுதினாயே, அந்தச் செலவு எங்கே போய் விழ இருந்தது என்று பார்த்தாயா? நீ நர்ஸ். வார்டில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர்களை என்ன பாடு படுத்தியிருப்பாய்!

எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அம்மா அப்பாவுக்குப் பிறகு எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். இதைச் சொல்ல வெட்கமில்லை, பன்னிரண்டு பேரும் கேட்கட்டும்.

வண்டிச் சாவியை டீச்சரிடம் கொடு. இன்றைக்கே.

தம்பி


ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று இந்தத் தடவை எழுதவில்லை. கண் மங்கலாக இருக்கிறது, காலையில் கொஞ்சம் பரவாயில்லை, மாலையில் மோசம். நீயும் அவளும் குட்டியும் நன்றாக இருங்கள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன். வகுப்பிலும் வாசித்தோம். 'என்ன பாடு படுத்தியிருப்பாய்' என்ற இடத்தில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், ஒருத்தர் விடாமல். தையல்காரர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். நான்தான் போய், "உங்க கடிதத்துல எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல"ன்னு சொன்னேன். அவர் அழுதுவிட்டார், நானும்.

வேன் மையத்து வாசலில் நிற்கிறது. பக்கத்துத் தெருக்களில் இருக்கும் ஐந்து பேர் எப்படியோ வருகிறார்கள். மேஸ்திரியை அவர் மகன் வேலைக்குப் போகும் வழியில் பைக்கில் பின்னால் உட்காரவைத்துத் தன்னோடு துண்டால் கட்டிக் கொண்டுவந்து விடுகிறான். மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். மறுபடியும் மூலையில். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

நீ சொன்னபடி நிஜச் செலவை எழுத உட்கார்ந்தேன். கண் சரியில்லாததால் டீச்சர் எழுத, தையல்காரர் வாசித்துச் சரிபார்த்தார். அதையே அன்றைய பாடமாக வைத்துவிட்டோம். வாடகை, டீச்சர், சமையல், கணக்கர், டீசல், வேன் இன்ஷூரன்ஸ், ஓட்டுநர், எல்லாவற்றுக்கும் எதிரே தொகை வந்தது. கடைசி வரி, 'இயக்குநர் ஊதியம்: இல்லை.' தையல்காரர் அதை வாசித்து முடித்தார்.

மேஸ்திரி மேஜையில் கையை அடித்தார். எல்லாரும் திரும்பினோம். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, அந்தத் தாளைக் காட்டி என்னைக் காட்டினார். அப்புறம் சொன்னார்.

"கூலி."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க." அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத் திரும்பவும், "கூலி. கூலி." பத்து மாதமாகத் தண்ணீர் கேட்காத வாய் தம்பி அது.

எழுதிவிட்டேன். டீச்சர் சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் ரொம்பக் குறைக்க முடியவில்லை. உங்கள் ஆபீசுக்கே அனுப்பியிருக்கிறேன். உறவு என்று நானும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

ஒரு வார்த்தை. நான் மறைத்தது பெருமைக்காக இல்லை. சொன்னால் நீ நிறுத்தச் சொல்வாய், நிறுத்தினால் அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டிவரும். அவ்வளவுதான். அப்படியும் தப்பு தப்புதான்.

உன் அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது? வகுப்பில் எல்லாருக்கும் வணக்கம், மேஸ்திரிக்கு இரண்டு வணக்கம்.

ஆபீஸ் கடிதம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். அது வரட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ மூன்று வருஷம் கேட்டாய், இரண்டு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். தொகையில் ஒன்றும் குறைக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, முதல் தவணைக்கு முன்னால் ஓட்டுநரை அமர்த்த வேண்டும். சத்தியமாக அந்த நிபந்தனை நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

உன் விண்ணப்பத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தபோது நான் கேண்டீனில் இருந்தேன். உறவு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மூன்று டீ குடித்தேன். கேண்டீன்காரர், "என்ன சார், வீட்டுல பிரசவமா?"ன்னு கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

ஆபீசிலிருந்து உங்கள் மையத்தைப் பார்வையிட வந்த அம்மா பிற்பாடு சொன்னார். தலைவர் உன் பழைய கணக்குகளைப் புரட்டி, "பத்து வருஷமா நிர்வாகச் செலவே இல்லைன்னு இருக்கே, இப்ப மட்டும் எப்படி இவ்வளவு?" என்று கேட்டாராம். அந்த அம்மா, "அப்ப எழுதினது ஆசை சார். இப்ப எழுதினதுதான் செலவு. நான் வாசல்ல நிக்கிற வேனைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாராம். தலைவர் பழைய கணக்குகளை மூடிவைத்துவிட்டாராம்.

இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அதற்குள் வேறு இரண்டு பேரிடமாவது இதே நிஜக் கணக்கைக் கொண்டுபோ. ஒருத்தரையே நம்பிக்கொண்டு இருக்காதே. இது பொதுவாகச் சொல்வது.

ஆபரேஷன் என்றைக்கு? தேதி எழுது. இந்தக் கேள்விக்காவது பதில் எழுது.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 16

அன்புள்ள தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்லத் தையல்காரர் எழுதுகிறார். ஆபரேஷன் திங்கட்கிழமை நல்லபடி முடிந்தது. ஒரு கண்ணில் மூடி போட்டிருக்கிறார்கள். டாக்டர் படிக்கவோ எழுதவோ கூடாது என்று சொல்லியிருக்கிறார், பேசக் கூடாது என்று சொல்லவில்லை. உன் மனைவி லீவு போட்டு வந்து நாலு நாள் பார்த்துக்கொண்டாள். மணிக்கு ஒருதரம் என்னை எழுப்பி நடக்கவைத்துப் பழிக்குப்பழி வாங்கிவிட்டுப் போனாள். நன்றாக இருக்கட்டும்.

பன்னிரண்டு பேரும் திரும்ப வந்துவிட்டார்கள். டீச்சரின் பாக்கி தீர்ந்தது.

மாதக் கடைசியில் சம்பளக் கவர்களை மேஸ்திரியிடம் கொடுத்து அவரையே கொடுக்கச் சொன்னோம். டீச்சர் செய்த யோசனை. சாயங்காலம் வாசலில் நாற்காலியை நிறுத்தி உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கை காட்டிக் கூப்பிட்டுக் கையில் வைத்தார். ஒவ்வொரு கவருக்கும் "கூலி" என்றார். கடைசிக் கவர் என்னுடையது. நான் வாங்கவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை, இன்னொரு தரம் "கூலி" என்றார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், வார்டில் முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

வகுப்பில் புதுப் பாடம் இல்லாமல் இருக்கிறோம். சீக்கிரம் எழுது. குட்டியையும் ஒரு வரி எழுதச் சொல்.

உன் அக்கா

ஐயா, இனி நான். இது அக்கா சொல்லவில்லை.

நீங்கள் ஜனவரியில் கேட்ட கேள்விக்குப் பதில். டிரைவர் வந்துவிட்டார். பழைய டிரைவர்தான். ஸ்கூல் பஸ்ஸில் குழந்தைகள் பாட்டை நிறுத்தச் சொன்னார்களாம். எங்களால் சொல்ல முடியாது. பாடிக்கொண்டே ஓட்டுகிறார். புது வண்டி பிடித்திருக்கிறது. உங்களை விசாரித்தார்.

டிரைவர் நன்றாக இருக்கிறார். அக்கா பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறார்.